ஊழியரும் தரவரிசையும்

கல்லூரி அன்னை விழாக்கோலம் பூண்டு நிற்கும் இவ்வேளையிலே, அவளது பழம்பெருமையை எடுத்தியம்பும் கட்டுரைகள் பல இம்மலரில் இடம்பெறும் என்பதை நாம் அறிவோம். அவற்றை எழுதுதற்கு எம்மிலும் வல்லார் பலர் உளர். ஆதலின் யாம் வேறொரு பொருளைப் பற்றிச் சில சொல்ல முற்படுகின்றோம். நமது பழைய மாணவருள் இளையோர் பலர் இன்று கணினித் துறையிலே தொழில் புரிகின்றனர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டுமன்றி, இலண்டன், ரொறன்ரோ, சிட்னி முதலிய நகரங்களிலும் அவர்கள் பரந்திருக்கின்றனர். விடுமுறைக்கு வந்த அவர்களைச் சந்திக்கும்போது, சம்பளத்தைப் பற்றியோ வேலைப்பளுவைப் பற்றியோ அவர்கள் முதலிற் பேசக் காணோம். ஆண்டு மதிப்பீட்டிலே தம்மை எந்தப் படியிலே வைத்தார்களோ என்பதே அவர்களது ஏக்கம். ஒருகாலத்திலே பரீட்சைப் பெறுபேற்றை எதிர்பார்த்து அறிவித்தற் பலகையின் முன்னே நின்ற அதே முகத்தை, நாற்பது வயதிலும் அவர்களிடம் காண்கின்றோம்.

இம்மதிப்பீட்டு முறைக்கு ஒரு வரலாறு உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியை 1981 முதல் 2001 வரை தலைமை தாங்கி நடத்திய ஜக் வெல்ச் என்பாரே இதனைப் பெரும் புகழுக்குக் கொண்டுவந்தவர். அவர் வகுத்த கணக்கு மிக எளிது. ஊழியருள் நூற்றுக்கு 20 பேர் தலைசிறந்தோர். அவர்க்கு அள்ளிக் கொடுக்க வேண்டும். 70 பேர் நடுத்தரத்தினர். அவரைத் தட்டிக்கொடுத்து நடத்த வேண்டும். எஞ்சிய 10 பேர் வெளியேற வேண்டியோர். ஆண்டுதோறும் இக்கணக்கு மீண்டும் போடப்படும். தரப்படுத்தல் என்று இதனைத் தமிழிற் கூறலாம். ஆயினும் அச்சொல் 1970களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதியின் பொருட்டு நம் நாட்டில் வந்த திட்டமொன்றின் பெயராகி, நம்மவர் நெஞ்சிலே ஆறாத வடுவாய்விட்டது. ஆகவே இங்கே நிரைப்படுத்தல் என்றே கூறுவோம்.

இம்முறையைக் கொடியது என்று பழித்தோர்க்கு வெல்ச் அளித்த விடை நம் போன்றோர் கருத்தைக் கவருவது. பள்ளிக்கூடத்திலே முதலாம் வகுப்புத் தொடங்கிப் பிள்ளைகள் மதிப்பிடப்படுகின்றனர். உதைபந்தாட்டக் குழுவுக்கு வல்லவரே தெரிந்தெடுக்கப்படுகின்றனர். வாழ்நாளின் பெரும்பகுதி கழியும் தொழிலகத்திலே மட்டும் இவ்வழக்கம் ஏன் நின்றுவிட வேண்டும் என்று, 2001ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே அவர் வினாவினார். கல்லூரியொன்றின் பழைய மாணவராகிய நாம் இவ்வினாவுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டுள்ளோம். ஏனெனில், அவர் சாட்சிக்கு அழைப்பது நமது வகுப்பறையை.

விடை கூறுமுன், கணினித் துறையிலே இம்முறை என்ன விளைத்தது என்பதைக் காண்போம். பில் கேற்ஸ், போல் அலன் என்னும் பள்ளித் தோழர் இருவர் 1975ஆம் ஆண்டிலே தொடங்கிய மைக்ரோசொப்ட் கம்பனியில் நிரைப்படுத்தல் பல ஆண்டுகளாக வழக்கிலிருந்தது. 2012ஆம் ஆண்டிலே கேர்ட் ஐக்கன்வால்ட் என்னும் பத்திரிகையாளர், அங்கே பணியாற்றுவோரையும் பணியாற்றி விலகியோரையும் கண்டு பேசி, வனிற்றி ஃபெயர் என்னும் சஞ்சிகையில் நீண்டதொரு கட்டுரை வரைந்தார். தாம் வினாவிய ஊழியர் ஒவ்வொருவரும், ஒருவர்தானும் விலக்கின்றி, கம்பனியினுள்ளே பெருநாசம் விளைத்தது இந்நிரைப்படுத்தலே என்று கூறியதாக அவர் எழுதினார்.

பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவை எண்ணிப் பாருங்கள். அவர்கள் எத்துணைத் திறமையாக உழைத்தபோதிலும், இருவருக்கே உயர்ந்த மதிப்பீடு கிடைக்கும், எழுவர் நடுவிலே நிற்பர், ஒருவர் கடையராவார். வேலை தொடங்கும் முதல் நாளிலேயே இது முடிந்த முடிபு. அந்த ஒருவர் யார் என்பதுதான் தெரியாது. இந்நிலையிலே அறிவுள்ள மனிதன் என்ன செய்வான்? பக்கத்து மேசைக்காரன் சிக்கலொன்றில் அகப்பட்டுத் தவிக்கும்போது, அதனை அவிழ்க்கும் வழி தனக்குத் தெரிந்திருந்தும் வாய் திறவான். அவன் ஏறினால் தான் இறங்குவது கணக்கின் விதி. மென்பொருள் ஆக்கமோ பலர் கூடி வீடு கட்டுவது போன்றது. ஒருவர் எழுதிய பகுதியின்மேலேதான் மற்றவர் எழுதும் பகுதி நிற்கும். அத்தகைய தொழிலிலே தெரிந்ததைச் சொல்லாது மறைப்பது, அத்திவாரத்திலே கல் குறைவதை அறிந்தும் பேசாதிருப்பதற்கு ஒப்பாகும். அன்றியும், மிக வல்ல எஞ்சினியர்கள் தம்மையொத்த வல்லுநர்களோடு ஒரே குழுவிற் சேர்வதைத் தவிர்த்தனராம். ஆலையில்லா ஊரிலே இலுப்பைப்பூவாக இருந்து சர்க்கரையென்று பெயர் வாங்குவது நலம் என்று அவர்கள் கண்டனர். சிறந்தோரைச் சேர்த்து வைக்கவென்று வகுத்த முறையே சிறந்தோரைச் சிதறச் செய்தது.

மதிப்பீட்டுக் காலம் வந்ததும் முகாமையாளர்கள் ஓர் அறையிலே கூடுவர். ஒவ்வொருவரும் தத்தம் குழுவினருக்காக வழக்காடுவர். பெயர் எழுதிய சிறு காகிதங்கள் ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்கு நகரும். ஒருவரை ஏற்றினால் இன்னொருவரை இறக்கியாக வேண்டும். ஆகவே சந்தையிற்போலப் பேரம் நடக்கும். ஆண்டு முழுவதும் அருகிருந்து கண்ட தன் முகாமையாளர் மட்டுமன்றி, தன் வேலையைச் சரிவரக் காணாத பிற முகாமையாளரும் தன் விதியை எழுதுவர் என்பதை உணர்ந்த ஊழியன், அவர்கள் கண்ணிலே படுவதையும் அவர்களோடு குழைந்து பேசுவதையும் தன் வேலையின் ஒரு பகுதியாகவே கொண்டான்.

அவ்வறையை விட்டு வெளியே வரும் முகாமையாளர் கடைநிலையில் வைக்கப்பட்ட ஊழியனிடம் என்ன சொல்வார்? நீ நன்றாகவே உழைத்தாய், ஆனால் மேலே இடமில்லை என்பதே உண்மை. அவ்வுண்மையைச் சொன்னால் முறையே பழிக்கப்படும். எனவே, அவனிடம் ஒரு குறையைத் தேடிப் பிடிக்க வேண்டும். தேடியும் கிட்டாவிடின் ஒன்றைக் கற்பிக்க வேண்டும். அக்குறை எழுத்திலே பதியப்படும். அவன் அதனைப் படித்துக் கையொப்பமிட வேண்டும். இம்முறையின் கொடுமை இவ்விடத்திலேதான் உளதென்பது எமது துணிபு. தொழிலை இழப்பது துன்பமே. ஆயினும், தன்னிடம் இல்லாத குறையை உள்ளதென ஒப்புக்கொள்ளும்படி ஒருவனைப் பழக்குவது அதனினும் கொடிது. தொழிலை இழந்தவன் வேறொன்றைத் தேடலாம். தன் கைத்திறனிலே நம்பிக்கையிழந்தவன் எதனைக் கொண்டு தேடுவான்?

இவற்றை முகங்காட்டிச் சொல்ல ஊழியர் அஞ்சினர். 2004ஆம் ஆண்டு முதல் ஓர் ஊழியர் மினி மைக்ரோசொப்ட் என்னும் புனைபெயருள் மறைந்திருந்து இணையத்தில் எழுதி வந்தார். அவருடைய சக ஊழியர் பலரும் தம் பெயர் கூறாது அங்கே தம் குறைகளைக் கொட்டினர். உலகத்து மக்கள் ஒருவருக்கொருவர் செய்தியனுப்பக் கருவி செய்து கொடுத்த கம்பனிக்குள்ளே இந்நிலை.

இனி, வெல்ச்சின் வினாவுக்கு வருவோம். பள்ளியிலே நாமும் வரிசைப்படுத்தப்பட்டோம், மறுக்கவில்லை. தவணை முடிவிலே தேர்ச்சி அறிக்கையைக் கையிலேந்தி வீடு சென்றால், எத்தனை புள்ளி என்று கேட்குமுன் எத்தனையாம் பிள்ளை என்றே கேட்பர். குறிப்புப் புத்தகத்தை ஒளித்து வைத்த கெட்டிக்காரரும் நம்மிடையே இருந்தனர். அவர்தம் பெயர்களை இம்மலரிலே வெளியிட மாட்டோம். ஆயினும், ஆசிரியர் விடைத்தாள்களைத் திருத்திய பின்னரே வரிசை பிறந்தது. நாற்பது பேருள் நால்வர் சித்தியெய்தல் ஆகாது என்று, விடைத்தாளைக் காணுமுன்னே எவ்வாசிரியரும் தீர்மானித்தாரல்லர். நாற்பதின்மரும் சித்தியெய்தினால் அது வகுப்பாசிரியருக்குப் பெருமை. அதிபர் பரிசளிப்பு விழா அறிக்கையிலே அதனை எடுத்து வாசிப்பார். கம்பனியிலோ, பத்துப் பேரும் நன்கு செய்துவிட்டால் முகாமையாளருக்கு அது சங்கடமாய் முடிகின்றது. மேலும், நாற்பதாம் பிள்ளையை அடுத்த தவணையில் வகுப்பை விட்டுத் துரத்தினாரில்லை. பின்னேரத்திலே மறித்து வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தனர். வரிசையிட்டவரே அவனை முன்னுக்குக் கொண்டுவரவும் கடமைப்பட்டிருந்தார்.

உதைபந்தாட்டத்தையும் வெல்ச் துணைக்கு அழைத்தாரல்லவா? பதினொருவரைத் தெரிந்தெடுக்கும் வரையிலே போட்டி உண்டு, அது முறை. மைதானத்தில் இறங்கிய பின்னர், வென்றாலும் தோற்றாலும் உங்களுள் ஒருவன் கடையனென்று நீக்கப்படுவான் என்று பயிற்றுநர் கூறியிருந்தால், எவன் பந்தை மற்றவனுக்குக் கொடுத்திருப்பான்? ஒவ்வொருவனும் தானே கோல் போட ஓடியிருப்பான். எதிர்க்கல்லூரியாருக்கு அதைவிடப் பெரிய உதவியை எவரும் செய்திருக்க முடியாது.

கணிதம் பயின்றோர்க்கு இன்னொரு குறையும் புலப்படும். பெருந்தொகையான மக்களை எழுந்தமானமாக எடுத்து ஏதேனும் ஒரு தன்மையை அளந்தால், பெரும்பாலும் மணியுருவமான வளையி ஒன்று கிடைக்கும்; நடுவிலே பலரும் இரு முனைகளிலே சிலரும் இருப்பர். ஆனால் கம்பனி ஊழியர் எழுந்தமானமாக எடுக்கப்பட்டவரல்லர். பல கட்ட நேர்முகப் பரீட்சைகளிலே வடித்தெடுக்கப்பட்டவர். அவருள்ளும் பத்துப் பேரை மாத்திரம் கொண்ட சிறு குழுவிலே அவ்வளையியைத் தேடுவது, கிணற்றிலே கடல் அலையைத் தேடுவது போலாகும். ஆண்டுதோறும் கடையிலுள்ள பத்தில் ஒரு பங்கை நீக்குவோமாயின், சில ஆண்டுகளில் நல்லோரே எஞ்சுவர் என்பது நம்பிக்கை. அங்ஙனம் எஞ்சிய நல்லோருள்ளும் பத்தில் ஒருவரை அடுத்த ஆண்டு கடையரெனக் குறித்தாக வேண்டுமே! களை பிடுங்குகின்றோம் என்று தொடங்கியவர், களை முடிந்த பின்னும் கை ஓயாது நெல்லைப் பிடுங்குவதற்கு இது ஒப்பு.

எனினும், மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையன்று. நிரைப்படுத்தலை ஆதரித்தோர் அனைவரும் கொடியரல்லர். எல்லோருக்கும் நல்ல பெயர் எழுதிக் கொடுத்துத் தப்பிக்கொள்ளும் முகாமையாளரை அவர்கள் கண்டிருந்தனர். வேலை செய்யாதவனிடம் அதனை ஒருநாளும் சொல்லாது, பத்தாண்டு கழித்துத் திடீரென வீட்டுக்கு அனுப்புவது இரக்கமன்று என்று வெல்ச் வாதிட்டார், அது உண்மையே. நமது நாட்டு அரசாங்க அலுவலகங்களிலே சேவை மூப்பு ஒன்றையே அளவுகோலாக்கி, உழைப்பவனுக்கும் உறங்குபவனுக்கும் ஒரே சம்பள ஏற்றம் கொடுப்பதால் விளைவதையும் நாம் கண்டிருக்கின்றோம். அதனை விரும்பி யாம் இங்கே வாதாடவில்லை. குறையுள்ளவனிடம் குறையைச் சொல்லுக. அவன் திருந்தாவிடின் நீக்குக. யாம் மறுப்பது, குறையுள்ளவரின் தொகையை முன்னரே குறித்து வைத்துவிட்டு, பின்னர் ஆள் தேடுவதை.

மைக்ரோசொப்டிலே இம்முறை முடிவுக்கு வந்த கதையும் சுவையானது. 2004ஆம் ஆண்டிலே செலவைக் குறைக்க எண்ணிய கம்பனி, ஊழியர் குளிக்கும் அறைகளில் வைத்திருந்த துவாய்களை நீக்கியது. கோடி கோடியாகப் பணம் குவித்து வைத்திருந்த கம்பனிக்கு அத்துவாய்களால் மிச்சமானது என்ன? ஊழியர் உள்ளத்திலோ அது ஆறாப் புண்ணாயிற்று. பின்னர் ஆளணிப் பகுதிக்குத் தலைமை பூண்ட லீசா பிரமெல் என்னும் அம்மையார் 2006ஆம் ஆண்டிலே துவாய்களை மீளக் கொடுத்து நல்ல பெயர் பெற்றார். ஆனால் நிரைப்படுத்தல் அதன்பின்னும் ஏழாண்டு நீடித்தது. துவாயைத் திருப்பிக் கொடுப்பது எளிது. முகாமையாளர் கையிலுள்ள அளவுகோலைப் பறிப்பது அரிது. 2013 நவம்பரிலே அவ்வம்மையாரே ஊழியர் அனைவருக்கும் மடல் எழுதி, முன்கூட்டி வகுத்த வீதங்களும் எண்ணிட்ட மதிப்பீடுகளும் இனி இல்லையென்று அறிவித்தார். அதற்கிடையிலே 2007இல் வந்த ஐபோன், கைத்தொலைபேசிச் சந்தையிலே மைக்ரோசொப்டைப் பின்னே தள்ளிற்று. அத்தோல்விக்கு நிரைப்படுத்தலே முழுக் காரணம் என்று யாம் துணியோம். ஆயினும், ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்தவர்க்கு வெளியே வந்த பகைவனைக் காண நேரம் இருந்திராது.

2014 பெப்ரவரியிலே ஐதராபாத்திற் பிறந்த சத்தியா நாதெல்லா தலைமைப் பொறுப்பை ஏற்றார். எல்லாம் அறிந்தவர் என்று காட்டிக்கொள்வதை விடுத்து எதையும் கற்க விழைவோராய் ஊழியர் மாற வேண்டும் என்பது அவரது போதனை. அவரால் அங்கே நல்ல மாற்றங்கள் நிகழ்ந்தன என்று பலரும் ஒப்புவர். ஆயினும் அவ்வாண்டு ஒக்டோபரிலே பீனிக்ஸ் நகரிற் கணினித் துறைப் பெண்கள் கூடிய மாநாடொன்றிலே அவர் வழுக்கி விழுந்தார். சம்பள உயர்வு கேட்கத் தயங்கும் பெண்களுக்கு அவர் கூறும் அறிவுரை யாதென மரியா குளாவே என்னும் பேராசிரியை வினாவினார். கேட்க வேண்டியதில்லை, முறையை நம்பியிருந்தால் உரியது வந்து சேரும், கேளாதிருப்பது நல்ல கர்மம் என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார். அம்மையார் மேடையிலேயே அதனை மறுத்தார். நாதெல்லாவும் அன்றே தமது ஊழியர்க்கு மடல் எழுதி, தாம் கூறியது முற்றிலும் பிழையென்றும், உயர்வுக்கு உரியவரென எண்ணுவோர் கேட்டுவிடுவதே சரியென்றும் ஒப்புக்கொண்டார். பிழையை அன்றே ஒப்புக்கொண்ட பண்பு போற்றற்குரியது. ஆனால் சைவ சூழலில் வளர்ந்த நமக்கு அவ்விடை வேறொரு வகையிலும் உறுத்தும். வினை சடப்பொருள், அது தானே சென்று பயனளிக்காது, அறிந்து ஊட்டுதற்கு இறைவன் வேண்டும் என்பது சித்தாந்தம். கம்பனியின் சம்பளப் பகுதியை அவ்விடத்திலே இருத்துதல் பெரும் பிழை.

நிரைப்படுத்தல் ஒழிந்ததால் அச்சம் ஒழிந்ததா என்று கேட்பின், இல்லை என்றே கூற வேண்டும். 2023 ஜனவரியிலே 10,000 பேரை நீக்குவதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. 2025ஆம் ஆண்டிலே மேலும் 15,000 வரையிலானோர் நீக்கப்பட்டனர். கம்பனி நட்டத்திலே மூழ்கிய காலங்களல்ல அவை.

நம் பழைய மாணவருள் இன்று முகாமையாளர் ஆசனத்திலே இருப்போரும் உளர். மேலிடத்திலிருந்து வரும் படிவத்திலே வீதங்கள் முன்னரே அச்சிடப்பட்டிருக்குமாயின், அவற்றை நிரப்புமுன், இவ்வீதம் எங்கிருந்து வந்தது என்று எழுத்திலே ஒருமுறை கேட்பார்களா? கேட்டால் அவர்களது பெயரும் ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்துக்கு நகரக்கூடும் என்பதை யாம் அறியாமலில்லை.

வேறு வழி உண்டோ என்பார்க்கு ஒரு செய்தி. கலிபோர்னியாவிலே 1939ஆம் ஆண்டில் ஒரு சிறு கார்க்கொட்டகையிலே இரு எஞ்சினியர்கள் தொடங்கிய ஹியூலெட் பக்காட் கம்பனிக்கு 1970ஆம் ஆண்டிலே கட்டளைகள் குறைந்தன. ஊழியருள் பத்தில் ஒரு பங்கினர் மிகை என்று கணக்குக் கூறிற்று. கம்பனி ஒருவரையும் கடையரெனக் குறிக்கவில்லை. தலைமையிலிருந்தோர் உட்பட எல்லோர் சம்பளத்திலும் நூற்றுக்கு 10 வீதம் குறைக்கப்பட்டது. வேலை நேரமும் அவ்வளவே குறைந்தது. இரு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை அனைவரும் வீட்டிலிருந்தனர். ஏறக்குறைய ஆறு மாதத்திலே வியாபாரம் தேறிற்று. பயிற்சி பெற்ற ஊழியர் அனைவரும் தத்தம் மேசையிலே இருந்தனர். நிறுவியோர் சென்ற பின்னர், 2001ஆம் ஆண்டிலே மீண்டும் நெருக்கடி வந்தபோது, அதே கம்பனி ஊழியரிடம் தாமாக முன்வந்து சம்பளக் குறைப்பை ஏற்கும்படி கேட்டது. பழைய நினைவிலே பெரும்பாலானோர் இசைந்தனர். சில வாரங்களுள் 6,000 பேரை நீக்குவதாகக் கம்பனி அறிவித்தது.